வேகக் காரிலிருந்து டாங்கிக்கு: புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் 1/10 அளவு (உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு), பிரஷ்லெஸ் மின்மோட்டார் கொண்ட ரிமோட் கார்களில் பழகியவர்கள், ரிமோட் டாங்கி ஒன்றைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “இதை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியுமா?” என்பதுதான். முடியும். ஆனால் வேகம் கூடிய அந்தக் கணத்திலேயே அது டாங்கியாகத் தெரிவது நின்றுவிடும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டைகர் 1 டாங்கி ஏறக்குறைய 57 டன் எடை கொண்டது. சாலையில் மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. இதை 16-ஆல் வகுத்தால் 1/16 மாடலுக்குரிய வேகம் மணிக்கு 2.4 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 66 சென்டிமீட்டர். பீரங்கிக் குழலோடு சேர்த்து அந்த மாடலின் நீளமே 53 சென்டிமீட்டர்தான். ஆகவே நல்ல சாலையில் முழு வேகத்தில் போகும் டைகர், ஒரு வினாடியில் தன் நீளத்தைவிடச் சற்றே கூடுதலான தூரத்தைத்தான் கடக்க வேண்டும். மேடு பள்ளத்தில் அதில் பாதிகூடப் போகக்கூடாது. கார் ஓட்டுபவரின் திறமை வேகத்தை அடக்கி ஆள்வதில் இருக்கிறது என்றால், டாங்கி ஓட்டுபவரின் திறமை நான்கு கிலோ பிளாஸ்டிக்கை 57 டன் எஃகாகக் காட்டுவதில் இருக்கிறது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் அந்த ஒன்றை நோக்கியே செல்கிறது.

டாங்கி என்பது கார்களுக்குப் பின்னால் முளைத்த சிறு கிளை என்று எண்ணுபவர்கள் உண்டு. ஜப்பானின் டமியா நிறுவனத்தைப் பொறுத்தவரை வரிசை நேர்மாறானது: அவர்களுடைய முதல் ஆர்.சி. (ரிமோட்டில் இயங்கும்) மாடல் 1974-இல் வந்த 1/16 லெப்பர்டு ஏ4 டாங்கி. போர்ஷே 934 கார் வந்தது 1976-இல்.

முதல் படி: அளவையும் டாங்கியையும் தேர்ந்தெடுப்பது

1/35, 1/24, 1/16, 1/6 எனப் பல அளவுகள் கிடைத்தாலும், புதியவர்கள் 1/16 அளவில் தொடங்குவதே நல்லது. உதிரிபாகங்கள், டாங்கியை இயக்கும் மின்பலகைகள், உலோக டிராக்குகள் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைகள்) என அனைத்தும் அதிகமாகக் கிடைப்பது இந்த அளவுக்குத்தான். 1/35 அளவு டைகர் 24 சென்டிமீட்டர்தான் என்பதால் மேசைமேல் ஓட்டலாம். ஆனால் ஒரு மிதியடியின் விளிம்புகூட அதற்கு மலை. 1/6 அளவில் அதே டைகர் 1.4 மீட்டர் நீளமாகி, தூக்குவதற்கே ஆள் தேடும் இயந்திரமாகிவிடும்.

1/16 அளவில் இரண்டு வழிகள் உள்ளன. டமியாவின் கிட்டைப் பாகம் பாகமாக நீங்களே பூட்டலாம். கார் கிட்டுகளைப் பையிலிருந்து பிரித்துக் கட்டியவர்களுக்கு அது பேரின்பம், ஆனால் செலவு மிக அதிகம். சீனாவின் ஹெங் லாங் நிறுவனத்தின் டாங்கிகள் பூட்டியே வருகின்றன, விலையும் குறைவு. முதல் டாங்கியாக ஹெங் லாங்கையே நான் பரிந்துரைப்பேன். காரணம், டாங்கியின் உள்ளமைப்பு புரியாத நிலையில் விலை உயர்ந்த கிட் ஒன்றைக் கட்டுவதைவிட, மலிவான ஒன்றை ஓட்டி, கழற்றி, மாற்றிப் பார்த்துக் கற்பது பலமடங்கு பயன் தரும். பழைய கையிருப்பையோ பயன்படுத்திய டாங்கியையோ வாங்கினால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள். 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய பழைய பலகைகளில், மெல்ல மெல்ல வேகம் கூட்டும் நுணுக்கமான கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

எந்த டாங்கி என்பது விருப்பத்தைப் பொறுத்தது என்றாலும், சக்கர அமைப்பைப் பார்த்து முடிவெடுத்தால் பின்னால் வருத்தமில்லை. சோவியத்தின் டி-34/85-இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். மேலே டிராக்கைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. சுத்தம் செய்வது எளிது. அமெரிக்காவின் ஷெர்மனும் பராமரிக்கச் சுலபமானது. டைகரின் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியவை. பார்க்க அழகு, ஆனால் இடுக்கில் சிக்கும் சேற்றை எடுக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷும் பொறுமையும் தேவை. இக்கால டாங்கிதான் வேண்டும் என்பவர்களுக்கு டி-90 உண்டு. இந்தியாவின் டி-90 பீஷ்மா டாங்கிகள் சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் தயாராகின்றன என்பதால், நம்மவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருப்பது இயல்பு.

இரண்டாம் படி: பிளாஸ்டிக்கா, உலோகமா

கார்களில் நீங்கள் முதலில் மாற்றியது மோட்டாராக இருந்திருக்கும். டாங்கியில் மோட்டாரைத் தொடவே வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ். அடிப்படை மாடல்களில் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். பிளாஸ்டிக் டிராக்கோடு சமதளத்தில் ஓட்டும்வரை அவை தாங்கும். அழகுக்காக உலோக டிராக்கை மட்டும் வாங்கி மாட்டினால், கூடுதல் எடை முழுவதும் அந்தப் பற்களின் மேலும் டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான பிளாஸ்டிக் ஸ்பிராக்கெட்டின் மேலும் விழுந்து, இரண்டையும் தேய்த்துத் தள்ளிவிடும். ஆகவே மாற்றும் வரிசை முக்கியம்: முதலில் எஃகு கியர்பாக்ஸ், அடுத்து உலோக ஸ்பிராக்கெட்டும் ஐட்லரும் (டிராக்கின் மறுமுனையைத் தாங்கும் சக்கரம்), கடைசியாக உலோக டிராக். இந்த மூன்றும் சேர்ந்தே வரும் மாடலைத் தொடக்கத்திலேயே வாங்க முடிந்தால் மொத்தச் செலவு குறையும்.

அடுத்து, சுடும் முறை. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் மாடல்களும், அகச்சிவப்புக் கதிரால் சுடும் மாடல்களும், இரண்டும் கொண்டவையும் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அகச்சிவப்பு மட்டும் போதும் என்பது என் உறுதியான கருத்து. குண்டு சுடும் மாடல்தான் வேண்டுமென்றால் அருகில் நிற்கும் ஒவ்வொருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். உங்கள் நாட்டின் இறக்குமதி விதியையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஓட்டுவதற்கு முன்

பெட்டியைப் பிரித்தவுடன் தரையில் விட்டு ஓட்டிவிடாதீர்கள். அடிப்பகுதிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, டிராக்குகள் இரண்டும் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்துங்கள். மிக மெதுவாக முன்னும் பின்னும் சுழல விட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இரு பக்கமும் ஒரே ஒலி வர வேண்டும். ஒரு பக்கம் ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் கேட்டால், டிராக்கின் கண்ணி ஒன்று ஸ்பிராக்கெட்டின் பல்லில் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

பிறகு மேல்மூடியைத் திறந்து கியர்பாக்ஸின் திருகுகளையும் கிரீஸையும் பாருங்கள். டரட்டுக்கு (குழலைத் தாங்கிச் சுழலும் மேல்கோபுரம்) போகும் ஒயர்கள் குறுகிய நீளத்தில் மேல்பகுதியோடு இணைந்திருக்கும் என்பதால் மூடியைச் சட்டென்று தூக்காமல், ஒரு பக்கமாகச் சாய்த்து, இணைப்பைக் கழற்றிய பின்னரே எடுக்க வேண்டும். காரின் மேலோட்டைக் கிளிப்பை உருவித் தூக்கிப் பழகிய கை இங்கேதான் அவசரப்படும்.

கடைசியாக, நேர்கோட்டுச் சோதனை. டைல்ஸ் தரையின் கோடு ஒன்றை ஒட்டி நிறுத்தி இரண்டு மீட்டர் ஓட்டுங்கள். டாங்கி ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டின் டிரிம்மை (நேர்போக்கைச் சரிசெய்யும் அமைப்பு) தொடுவதற்கு முன் இரு டிராக்குகளின் இறுக்கத்தை ஒப்பிடுங்கள். புதிய டாங்கிகளில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான்காம் படி: பேட்டரி

காரில் பழகியவர்கள் பெரும் இழப்பைச் சந்திக்கும் இடம் இது. உங்கள் காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்ததும் தானாகவே மோட்டாரை நிறுத்தும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியை மனதில் வைத்துச் செய்த பழைய டாங்கிப் பலகைகள் பலவற்றில் அந்தக் காப்பு கிடையாது. பேட்டரி உப்பி வீணாகும்வரை அவை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, உங்கள் பலகையில் காப்பு உண்டு என்று உறுதியாகத் தெரியாதவரை, ஒரு செல்லுக்கு 3.3 வோல்ட்டில் ஒலிக்கும்படி அமைத்த எச்சரிக்கை பஸ்ஸரை பேட்டரியின் பேலன்ஸ் இணைப்பில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒயர் வரும் சிறு இணைப்பு) செருகிவிட்டு ஓட்டுங்கள். டாங்கியின் ஒலிபெருக்கி எழுப்பும் எஞ்சின் சத்தத்தை மீறி பஸ்ஸரின் ஒலி உங்களுக்குக் கேட்கும் தூரத்திலேயே டாங்கியை வைத்திருங்கள். 7.4 வோல்ட் இரண்டு செல் பேட்டரி போதும். காருக்கென்று வைத்திருக்கும் மூன்று செல், 11.1 வோல்ட் பேட்டரியை 7.2 வோல்ட் பலகையில் இணைப்பது பலகையைக் கொல்வதற்குச் சமம்.

ஐந்தாம் படி: ஓட்டக் கற்பது

காரின் துப்பாக்கி வடிவ ரிமோட்டில் ஒரு விரல் வேகத்தையும், மறுகை திருப்பத்தையும் பார்த்துக்கொள்ளும். டாங்கியின் ரிமோட்டில் இரண்டு குச்சிகள். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றொன்று டரட்டுக்கும் குழலுக்கும். கார் திரும்ப வேண்டுமென்றால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டாங்கியோ இடது, வலது டிராக்குகளின் வேக வேறுபாட்டால் திரும்புவது. நின்ற நிலையில் குச்சியைப் பக்கவாட்டில் தள்ளினாலும் சுழலும். இந்த ஒரு வேறுபாடு விரல்களில் ஊறுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

முதல் பயிற்சி, கிளம்புவதும் நிற்பதும். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை அடைய மனதுக்குள் மூன்றுவரை எண்ணுங்கள், நிற்பதற்கும் அப்படியே. இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. பொருளின் அளவு 16 மடங்கு குறையும்போது அதன் ஆட்டமும் வீழ்ச்சியும் 16-இன் வர்க்கமூலமான நான்கு மடங்கு விரைவாக நடக்கின்றன. உண்மையான டாங்கி ஒரு வினாடி எடுத்துக்கொண்டு தலைகுனியும் இடத்தில் மாடல் கால் வினாடியில் வெடுக்கென்று குனிந்துவிடும். பார்ப்பவர் கண் அதை உடனே பொம்மை என்று கண்டுகொள்ளும். இயற்கையை மாற்ற முடியாது. குச்சியை மெதுவாக நகர்த்தி அந்த வெடுக்கைக் குறைக்க முடியும்.

இரண்டாவது, பின்னோக்கி வருவது. கார்களில் டிரிகரைத் தள்ளினால் முதலில் பிரேக் பிடிக்கும், மறுபடி தள்ளினால்தான் பின்னால் வரும். டாங்கிப் பலகைகள் பல அந்த இடைவெளியைத் தருவதில்லை. ஓடும்போதே குச்சியைப் பின்னால் இழுத்தால் மோட்டார் நேராகத் திசை மாறி, அந்த அடி முழுவதும் கியர் பற்களில் விழும். குச்சியை நடுவுக்குக் கொண்டு வந்து, டாங்கி முழுமையாக நின்றபின் இழுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திருப்பம். நின்ற இடத்திலேயே சுழல்வது புதியவர்களை மிகவும் கவரும். டைகரின் கியர்பெட்டி அதை உண்மையிலேயே அனுமதித்தது என்பதால் டைகர் மாடலில் எப்போதாவது செய்யலாம். ஷெர்மனால் அது முடியாது. அது திரும்புவதற்கு ஏறக்குறைய 19 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் தேவைப்பட்டது, மாடலில் அது 1.2 மீட்டர். தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்கு வட்டம் வரைந்து, ஷெர்மனை அதன் கோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு இடத்திலேயே சுழல்வதில் ஆசை போய்விடும். கம்பளத்தின் மேலோ சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ எந்த டாங்கியையும் நின்ற இடத்தில் சுழற்ற வேண்டாம். டிராக் கழன்று விழுவதும் பிளாஸ்டிக் பல் உடைவதும் அங்கேதான் நடக்கும்.

நான்காவது, தடை தாண்டுவது. டாங்கி ஓட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு மரச்சட்டத்தைத் தரையில் கிடத்தி, அதற்கு நேர் செங்குத்தாக டாங்கியைக் கொண்டு வாருங்கள். கோணலாக ஏறினால் ஒரு டிராக் மட்டும் முழுச் சுமையையும் தாங்கும். முன்பகுதியில் வளைந்து நிற்கும் டிராக் முதலில் மரத்தைக் கவ்வும். முன்சக்கரங்கள் ஒவ்வொன்றாக மேலே மடங்கும். மூக்கு வானத்தை நோக்கி எழும். டாங்கியின் நடுப்பகுதி மரத்தின் விளிம்புக்கு வரும் சமயத்தில் குச்சியை ஏறக்குறைய நடுவுக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு கணம் அது இப்படியா அப்படியா என்று தராசுபோல நிற்கும். பிறகு தன் எடையிலேயே மூக்கு இறங்கி, சக்கரங்கள் தரையைத் தொட்டு, உடல் ஒரு தடவை மெல்லக் குலுங்கி அமரும். அந்தக் குலுங்கல் நின்றபின் மீண்டும் வேகம் கொடுங்கள். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் ஓட்டும் மலிவான பிளாஸ்டிக் டாங்கி, அவசரக்காரர் ஓட்டும் முழு உலோக டாங்கியைவிடக் கனமாகத் தெரியும். இறங்கும்போது குழல் தரையில் குத்தாமல் இருக்க, தடைக்கு முன்பே அதைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: டிராக்கைப் புரிந்துகொள்வது

காரில் டயர் எப்படியோ டாங்கியில் டிராக் அப்படி என்று சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். டயர் தேய்ந்தால் வேகம் குறையும். டிராக் தவறினால் டாங்கி நின்றுவிடும். இறுக்கம் அதிகமானால் மோட்டார் சூடாகும். தளர்வு அதிகமானால் திருப்பத்தில் கழன்றுவிடும். ஒரே அளவு எல்லா டாங்கிக்கும் பொருந்தாது. டைகரிலும் டி-34-இலும் டிராக்கின் மேல்பகுதி லேசாகத் தொய்ந்து பெரிய சக்கரங்களின் தலையில் படிய வேண்டும். உண்மையான டாங்கிகளின் படங்களில் தெரியும் அழகான அலை அதனால் வருவதுதான். ஷெர்மனில் மேலே தாங்கும் உருளைகள் இருப்பதால் தொய்வு குறைவாகவே இருக்க வேண்டும்.

இழுவை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். டைகரிலும் ஷெர்மனிலும் இழுக்கும் ஸ்பிராக்கெட் முன்னால் இருக்கிறது. முன்னோக்கிப் போகும்போது மேல்பட்டை இறுகியிருக்கும், பின்னோக்கி வரும்போது தளரும். ஆகவே பின்னோக்கி வந்துகொண்டே கூர்மையாகத் திரும்பினால் அவற்றின் டிராக் கழல வாய்ப்பு அதிகம். பின்னால் ஸ்பிராக்கெட் உள்ள டி-34-க்கு இது தலைகீழ்.

இறுக்கத்தை மாற்ற, ஐட்லரை நகர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு கண்ணியை எடுக்க வேண்டும். கண்ணிகளை இணைக்கும் ஊசியின் ஒரு முனையைச் சிறிய பஞ்ச் கருவியால் தட்டி மறுபக்கம் சற்று வெளியே வரவைத்து, மூக்கு நீண்ட பிளையரால் பிடித்து நேராக உருவுங்கள். வளைத்து இழுத்தால் கண்ணியின் காது உடையும். திரும்பப் போடும்போது ஊசியின் முனை கண்ணியின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் உடற்பகுதியைக் கீறும். முனை உள்ளடங்கும்வரை தட்டிவிடுங்கள். எந்த எந்த ஊசிகள் நாளடைவில் வெளியே நழுவுகின்றன என்று ஓட்டி முடித்ததும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம். மாற்று ஊசிகள் சிலவற்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

ஏழாம் படி: இடமும் பராமரிப்பும்

காய்ந்த மண்ணும் குறும்புல்லும் சிறு கற்களும் நல்ல களம். உயரமான புல் ஸ்பிராக்கெட்டின் தண்டில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக் கம்பளத்தின் நூலும் தலைமுடியும் அப்படியே. கடற்கரை மணலைத் தவிர்த்துவிடுங்கள். மென்மணல் கியர்பாக்ஸுக்குள் கிரீஸோடு கலந்தால் உப்புக் காகிதம் போலப் பற்களைத் தேய்க்கும். பெரும்பாலான மாடல்களின் மின்பலகைக்கு நீர்க்காப்பு கிடையாது என்பதால், நீர்க்காப்புள்ள காரில் செய்ததுபோல் குட்டைக்குள் இறக்க வேண்டாம்.

புகைக் கருவி உள்ள டாங்கியில் எண்ணெய் தீர்ந்தபின் புகையை அணைத்துவிடுங்கள். வறண்ட திரி கருகினால் கருவியையே மாற்ற வேண்டியிருக்கும். பல நாட்கள் ஓட்டப் போவதில்லை என்றால், லிப்போ பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துத் தனியாக எடுத்துவிட்டு, டாங்கியின் அடிவயிற்றில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். உலோக டாங்கியின் எடை மாதக்கணக்கில் ஸ்பிரிங்குகளை அழுத்தினால் டாங்கி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கத் தொடங்கும்.

எட்டாம் படி: வண்ணம்

இதில் அவசரமே வேண்டாம். ஆனால் தவிர்க்கவும் வேண்டாம். காரின் மேலோடு புதிதாக மின்ன வேண்டும், டாங்கியின் உடல் உழைத்ததாகத் தெரிய வேண்டும். தொழிற்சாலைப் பளபளப்பின் மேல் மங்கலான வார்னிஷ் அடித்து, இடுக்குகளில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டு, விளிம்புகளில் வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எந்த ஆண்டு, எந்தக் களம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நிறத்தில் தவறு நேராது. ஜெர்மானிய டாங்கிகளின் அடிப்படை நிறம் 1943 பிப்ரவரியில் கருஞ்சாம்பலிலிருந்து கருமஞ்சளாக மாறியது. காந்தக் குண்டுகளைத் தடுக்கப் பூசிய, வரிவரியான சிமெரிட் பூச்சு 1943-இன் பிற்பகுதியில் தொடங்கி 1944 செப்டம்பரில் நின்றுபோனது. துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய டைகர் 131, இன்றும் இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. அதன் மாடலில் சிமெரிட் பூசுவது வரலாற்றுப் பிழையாகிவிடும். அந்த டாங்கி மெதுவாகக் கிளம்பி நிற்கும் காணொளிகள் ஓட்டப் பயிற்சிக்கும் உதவும். உடல் எப்போது முன்னால் சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்பதை அவற்றில் கவனியுங்கள்.

ஒன்பதாம் படி: மோதல்

அகச்சிவப்புக் கருவி பொருத்திய இரண்டு டாங்கிகள் இருந்தால், ஒன்றையொன்று சுட்டு விளையாடலாம். டரட்டின் மேல் உள்ள உணரி எதிரியின் கதிரை வாங்கியதும் டாங்கி அதிர்ந்து காட்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை அடிபட்டபின் இயக்கம் சிறிது நேரம் நின்றுவிடும். கனரக டாங்கியாக அமைத்தால் கூடுதல் அடிகளைத் தாங்கும், ஆனால் அடுத்த குண்டு ‘நிரம்ப’ அதிக நேரம் எடுக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் எல்லாம் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை என்பதால், நண்பரின் டாங்கியோடு மோத விரும்பினால் இரண்டும் ஒரே சமிக்ஞை முறையில் இயங்குபவையா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். வெயிலில் அகச்சிவப்பின் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். மாலை நேரமோ கூரையுள்ள இடமோ ஏற்றது.

கார் பந்தயத்திலிருந்து வருபவர்கள் முதல் மோதலில் எதிரியை நோக்கி நேராகப் பாய்வார்கள், உடனே அடிபடுவார்கள். ஒரு செங்கலுக்குப் பின்னால் உடலை மறைத்து, டரட் மட்டும் தெரியும்படி மெல்ல ஏறி, நின்று, சுட்டுவிட்டு, டரட்டைத் திருப்பாமலே நேராகப் பின்வாங்குங்கள். மறுபடி வேறொரு இடத்தில் தலை காட்டுங்கள். அப்படிப் பின்வாங்கும்போது டிராக் கழலாமல் இருக்க வேண்டுமென்றால், வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி வரும்படி ஏறும்போதே வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.